ஜாஸ் சோலோவைக் கேட்டு எழுதுவது: பியானோவுக்கும் சாக்ஸபோனுக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

பதிவில் உள்ள ஜாஸ் சோலோவை நொட்டேஷனாக எழுத உட்காரும் பலரும் முதல் நோட்டைத் தேடுவதில் ஆரம்பிக்கிறார்கள். கீபோர்டில் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். ஏழெட்டு பார் தாண்டியதும் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் நின்றுபோகும். நோட் கிடைக்காமல் கைவிடுகிறவர்களைவிட எண்ணிக்கை தவறிக் கைவிடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் இங்கே வரிசை வேறு: முதலில் இடம், அடுத்து வாயால் பாடுவது, பிறகு தாளம், கடைசியில் நோட்.

மேற்கத்திய நோட்டுகளின் பெயர் தெரியும், ஸ்டாஃப் மெதுவாகவாவது படிக்க வரும், ஒரு செவன்த் கார்டில் எந்தெந்த நோட் இருக்கும் என்று சொல்ல முடியும் என்றால் தொடங்கலாம். வேகமாக வாசிக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

எந்தச் சோலோவை எடுப்பது

12 பார் ப்ளூஸ் (12 பார் கொண்ட ஒரே கார்ட் வரிசை திரும்பத் திரும்ப வரும் பாட்டு), நடுத்தர வேகம், நல்ல ஸ்டுடியோ பதிவு. முதல் சோலோவுக்கு இந்த மூன்றும் வேண்டும். ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பிடிக்கும் என்பதற்காக அதிலேயே கைவைக்க வேண்டாம். வேகம் ஒரு பக்கம் என்றால், இரண்டு பீட்டுக்கு ஒரு கார்ட் மாறும் இடங்களில் காது எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றே தெரியாது.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே பாட்டை வைத்துப் போவோம்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தில் உள்ள 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டுடியோவில் பதிவானது. அந்த ஆல்பத்தில் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் பியானோ வின்டன் கெல்லி. மற்றதெல்லாம் பில் எவன்ஸ். பேஸ் பால் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஜிம்மி காப். மெட்டு முடிந்ததும் முதல் சோலோ கெல்லியுடையது, பிறகு மைல்ஸின் ட்ரம்பெட், அடுத்து கோல்ட்ரேனின் டெனர் சாக்ஸ், அதன்பின் கேனன்பால் ஆடர்லியின் ஆல்ட்டோ சாக்ஸ். பியானோ, டெனர், ஆல்ட்டோ மூன்றும் ஒரே கார்ட் வரிசையின் மேல் அடுத்தடுத்து வருவதால், எந்த பாரில் எந்தக் கார்ட் என்று ஒரு தடவை வரைபடம் போட்டால் மூன்றுக்கும் உதவும்.

முழுச் சோலோவையும் எழுதியே தீருவது என்று இறங்க வேண்டாம். கெல்லியின் முதல் 12 பார் போதும். அதைச் சுத்தமாக முடிப்பது, நாலு சுற்றை அரைகுறையாக எழுதுவதைவிடப் பயன் தரும்.

தேவையானவை

மூடிய வகை ஹெட்ஃபோன், ஒயர் உள்ளது. ப்ளூடூத் வேண்டாம்: ஒலி தாமதித்து வருவதால், பீட்டுக்குக் கீயை அழுத்திக் குறி வைக்கும்போது எல்லாக் குறியும் பின்னால் போய் விழும். ஃபைல், ஒலித் தரம் குறையாத ஃப்ளாக் அல்லது வேவ் வடிவில் இருந்தால் நல்லது. கம்மியான பிட்ரேட் எம்பி3 சாதாரண வேகத்தில் நன்றாகத்தான் கேட்கும். வேகத்தைக் குறைத்ததும் சிம்பல் சலசலப்பு நோட்டின் மேல் படிந்துவிடும்.

மென்பொருளில் 'ட்ரான்ஸ்க்ரைப்!' இந்த வேலைக்கென்றே செய்தது, காசு கொடுத்து வாங்க வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் 'ஆடாசிட்டி'யும், லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான 'சோனிக் விஷுவலைசர்' மென்பொருளும் உண்டு. ஆடாசிட்டியில் கவனிக்க ஒன்று: 'ப்ளே-அட்-ஸ்பீடு' வேகத்தோடு சுருதியையும் சேர்த்து இறக்கும். பாதி வேகம் என்றால் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே. சுருதி மாறாமல் வேகம் மட்டும் குறைய வேண்டும் என்றால் 'சேஞ்ச் டெம்போ' எஃபெக்ட். ஆனால் அந்த ஆக்டேவ் இறக்கத்தை வீண் என்று ஒதுக்க வேண்டாம். நீட்டிக் கேட்கும்போது வரும் கலங்கல் அதில் இல்லை. கணினிக்கு முந்தைய காலத்தில் 33 வேக எல்பி தட்டை 16 வேகத்தில் ஓடவிட்டு எழுதியவர்கள் இந்த வசதியைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஒரு கீபோர்டு, பென்சில், அழிரப்பர், ஸ்டாஃப் அச்சிட்ட தாள். 'மியூஸ்ஸ்கோர்' போன்றவை பிற்பாடு சுத்தப் பிரதி எடுக்க. நேராக அதிலேயே எழுதினால், ஒவ்வொரு பாரையும் நாலு பீட் நிரப்பச் சொல்லி நிரல் அடம்பிடிக்கும். பாதி தெரிந்த பாரை அப்படியே விட்டுவைக்க முடியாது. தாளில் விடலாம்.

சுருதியைச் சரிபாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள் இரண்டாம் நாள் திரும்பி வருவார்கள். பதிவின் சுருதியும் உங்கள் கீபோர்டின் சுருதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏ நோட் 440 ஹெர்ட்ஸ் என்று கீபோர்டு நிற்கும். பழைய பதிவுகள் அப்படி நிற்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. நாம் எடுத்திருக்கும் பாட்டே அதற்கு உதாரணம். மார்ச் 2 பதிவின்போது முதன்மை டேப் எந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டதும் இசை கொஞ்சம் வேகமாகவும் சுருதி தூக்கலாகவும் வந்தது. ஆல்பத்தின் முதல் பக்கத்தில் உள்ள மூன்று பாட்டும் 1992இல் திருத்திய பதிப்பு வரும்வரை அந்தத் தூக்கலோடுதான் விற்றன. இணையத்தில் கிடைக்கும் பிரதி எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் எழுதியிருக்காது.

சோதனை எளிது. பாட்டில் நீண்டு நிற்கும் ஒரு நோட்டை எடுத்து லூப் போட்டு, அதே நோட்டைக் கீபோர்டில் பிடியுங்கள். இரண்டும் உரசி அலையடித்தால் சுருதி விலகியிருக்கிறது. 440 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 20 சென்ட் விலகல் இருந்தால் நொடிக்கு ஐந்து தடவை போல அலையடிக்கும். (ஒரு செமிடோன் 100 சென்ட்.) மென்பொருளில் உள்ள ட்யூனிங் அளவை 5 சென்ட் 5 சென்டாக நகர்த்தி அலை அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். 50 சென்ட் அளவு விலகிய பதிவு என்றால் இரண்டு கீ-க்கு நடுவே மாட்டிக்கொண்டு, பி ஃப்ளாட்டா பி-யா என்று மணிக்கணக்கில் குழம்ப நேரும்.

வரைபடம்: பாரும் சுற்றும்

தாளில் 12 கட்டம் போடுங்கள், வரிக்கு நாலு. 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' பி ஃப்ளாட் ப்ளூஸ். முதல் வரி நாலு பாரும் பி ஃப்ளாட் 7. இரண்டாம் வரியில் இரண்டு பார் ஈ ஃப்ளாட் 7, இரண்டு பார் பி ஃப்ளாட் 7. மூன்றாம் வரியில் எஃப் 7, ஈ ஃப்ளாட் 7, கடைசி இரண்டு பாரும் ஏ ஃப்ளாட் 7. வழக்கமான ப்ளூஸ் கடைசியில் பி ஃப்ளாட்டுக்கே திரும்பும். இங்கே ஒரு முழு டோன் கீழே இறங்குகிறது. அந்த இறக்கம் காதில் தனியாக விழும். சுற்று முடியப்போகிறது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டாம். 12 பார் கொண்ட இந்தச் சுற்றைத்தான் ஜாஸ்காரர்கள் 'கோரஸ்' என்பார்கள்.

இப்போது பாட்டை ஓடவிட்டு எண்ணுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 130 பீட். ஒரு பார் 1.85 நொடி, ஒரு சுற்று சுமார் 22 நொடி. மெட்டு இரண்டு சுற்று போகிறது, ஆகவே முக்கால் நிமிடத்தில் கெல்லியின் சோலோ தொடங்கும். ஒவ்வொரு பாரின் முதல் பீட்டிலும் குறி வையுங்கள்: 'ட்ரான்ஸ்க்ரைப்!' என்றால் எம் கீ, சுற்றின் தலைக்கு எஸ் கீ. ஆடாசிட்டியில் ஓடும்போதே கண்ட்ரோலும் எம்-மும் சேர்த்து அழுத்தினால் லேபிள் விழும். குறிகளுக்கு இடையே உள்ள நேரத்தைப் பாருங்கள். ஒரு சுற்று 22 நொடி, அடுத்தது 24 நொடி என்று வந்தால் வாத்தியக்காரர்கள் தளரவில்லை, நீங்கள் ஒரு பாரைக் கூடுதலாக எண்ணிவிட்டீர்கள்.

முதல் பீட் எது என்பதில் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, ஹை-ஹாட். ட்ரம்மர் காலால் மூடும் அந்த 'சிக்' ஒலி 2ஆம், 4ஆம் பீட்டில் வரும். ஜாஸுக்குப் பழகாத காது அழுத்தமான ஒலியை 1 என்று எடுத்துக்கொள்ளும். அப்படி எடுத்தால் முழு வரைபடமும் ஒரு பீட் நகர்ந்துவிடும். பேஸைக் கேளுங்கள்: பார் தொடங்கும்போது, அதுவும் கார்ட் மாறும் பாரில், பேஸ் அநேகமாக அந்தக் கார்டின் மூல நோட்டில் வந்து இறங்கும். பேஸ் சன்னமாகக் கேட்டால் பாட்டை ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றிக் கேளுங்கள்; முணுமுணுப்பு மெட்டாக மாறும்.

இரண்டாவது சறுக்கல், சோலோவின் ஆரம்பம். சோலோ வாசிப்பவர் 1ஆம் பாரின் 1ஆம் பீட்டுக்காகக் காத்திருக்க மாட்டார். முந்தைய சுற்றின் கடைசி பாரிலேயே இரண்டு மூன்று நோட்டில் நுழைந்துவிடுவார். அந்த நுழைவை 1ஆம் பாரில் எழுதினால் அதற்குப் பிறகு எதுவும் கார்டோடு ஒட்டாது. அதனால்தான் குறி வைப்பது சோலோவைப் பார்த்து அல்ல, பேஸையும் ட்ரம்ஸையும் பார்த்து.

பாடிப் பாருங்கள்

இரண்டு பாரை, அல்லது ஒரு சொற்றொடர் முடியும்வரை, லூப் போடுங்கள். முதலில் பதிவோடு சேர்ந்து பாடுங்கள். பிறகு பதிவை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். இரண்டாவது நடக்கவில்லை என்றால் அந்தத் துணுக்கு இன்னும் மனதில் ஏறவில்லை. கீபோர்டைத் தொட வேண்டாம். குரல் அழகு முக்கியமில்லை, 'டூ-டா-டூ' என்றே பாடலாம்.

கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சௌகரியம் இருக்கிறது. இந்த மாதிரி ப்ளூஸில் பி ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்து ஸரிகமவிலேயே பாடிவிடலாம். கார்ட் மாறினாலும் ஸா மாறாது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே வழுக்கும் அந்த 'ப்ளூ' மூன்றாம் நோட்டை உடனே அடையாளம் காண்பார்கள். அதே பழக்கம் கெடுதலும் செய்யும்: கீழிருந்து நோட்டுக்கு வழுக்கி ஏறும் கண நேர ஸ்கூப்பைக் கமகமாகக் கேட்டு மூன்று நோட்டாக எழுதிவிடுவார்கள். ஜாஸ் நொட்டேஷனில் அது ஒரு நோட், முன்னால் ஒரு சிறு வளைகோடு, அவ்வளவுதான்.

வேகத்தைக் குறைப்பது இதற்குப் பிறகு. 75 சதவீதம் நல்ல அளவு. 50க்குக் கீழே போனால் நோட்டின் தொடக்க முனை மழுங்கி, ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது கரைந்துவிடும். முழு வேகத்தில் பாட முடிகிற துணுக்கை 40 சதவீதத்தில் கேட்டுத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

தாளத்தை எழுதுவது

நோட் தலை இல்லாமல் தாளத்தை மட்டும் முதலில் எழுதுங்கள், ஸ்டாஃபின் நடுக்கோட்டில் பெருக்கல் குறி வைத்து. காலால் நாலு பீட்டும் தட்டிக்கொண்டு துணுக்கைப் பாடி, எந்த ஒலி கால் விழும்போது வருகிறது, எது கால் தூக்கியிருக்கும்போது வருகிறது என்று மட்டும் பிரியுங்கள். சொற்றொடர் எந்த பீட்டில் தொடங்கி எந்த பீட்டில் முடிகிறது என்று இரண்டு முனையும் கிடைத்தால் நடுவில் உள்ளது தானாக அடங்கும்.

ஸ்விங் எய்ட்த் நோட்டுகளைச் சாதாரண எய்ட்த் நோட்டாகவே எழுதுங்கள். மேலே 'ஸ்விங்' என்று ஒரு சொல் போதும். புதியவர்கள் மெதுவாக்கிக் கேட்டுவிட்டு, நீளம்-குட்டை என்று தெளிவாகக் கேட்கிறதே என்று புள்ளி வைத்த எய்ட்த், சிக்ஸ்டீன்த் என்று எழுதுவார்கள். படிக்க முடியாத காகிதம் அது. போதாததற்குத் தவறும்கூட: ஸ்விங்கின் நீளம்-குட்டை விகிதம் ஒரே அளவில் நிற்பதில்லை. வேகம் கூடக் கூட இரண்டும் சமமாகிக்கொண்டே வரும். அதை நொட்டேஷன் சொல்ல வேண்டாம், பதிவு சொல்லும். ஆனால் நிஜமான ட்ரிப்லெட் வேறு. ஒரு பீட்டில் மூன்று நோட் தனித்தனியாகக் கேட்டால் ட்ரிப்லெட் என்றே எழுத வேண்டும்.

பீட்டுக்குப் பின்னால் சாய்ந்து வாசிப்பது இன்னொரு பொறி. ஒரு சொற்றொடர் முழுக்கவே ஒரு சிட்டிகை பிந்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே எழுதப் போனால் ஒவ்வொரு நோட்டுக்கு முன்னும் ஒரு சிக்ஸ்டீன்த் ரெஸ்ட் வந்து பக்கம் முழுக்க முள்ளாகிவிடும். விதி இது: எல்லா நோட்டும் ஒரே அளவு பிந்தினால் அது வாசிக்கும் பாணி, பீட்டின் மேலேயே எழுதி, 'பின்னால் சாய்ந்து' என்று மேலே குறியுங்கள். ஒரே ஒரு நோட் மட்டும் பிந்தினால் அது தாளம். அதை உள்ளபடி எழுதுங்கள்.

நோட்டைப் பிடிப்பது

இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போகாதீர்கள். சொற்றொடரில் நாலு நோட்டை மட்டும் முதலில் பிடியுங்கள்: தொடங்குவது, முடிவது, உச்சம், தாழ்வு. அவற்றை எழுதிய பிறகு நடுவில் உள்ளவை பெரும்பாலும் படிப்படியாக இறங்கும் ஸ்கேலாகவோ, கார்டின் நோட்டுகளைத் தொட்டுப் போகும் அர்பெஜியோவாகவோ, செமிடோன் செமிடோனாக நகர்வதாகவோ இருக்கும். மூன்றில் எது என்று பாடினாலே தெரியும்.

ஒரு பழக்கமான துணுக்கைப் பாருங்கள். சொற்றொடர் முடியும்போது சி, ஏ, பி ஃப்ளாட் என்று வருகிறது. இலக்கு பி ஃப்ளாட். அதற்கு மேல் நோட்டையும் கீழ் நோட்டையும் தொட்டுவிட்டு நடுவில் இறங்குகிறார்கள். ஜாஸில் இது ஓயாமல் வரும், என்க்ளோஷர் என்பார்கள். இதில் நடு நோட்டான ஏ சில சமயம் விழுங்கப்பட்டு மூச்சு போலத்தான் கேட்கும். அப்படிப்பட்ட கோஸ்ட் நோட்டை, தலையை அடைப்புக்குறிக்குள் வைத்து எழுதுவது வழக்கம். நோட் தெளிவாகக் கேட்காத இடத்தில், என்க்ளோஷர்தான் என்று ஊகித்து வாசித்துப் பார்த்து, பதிவோடு ஒப்பிடுங்கள். ஊகிப்பது குற்றமல்ல, ஊகித்ததை ஒப்பிடாமல் விடுவதுதான் பிரச்சினை. ஒப்பிட்டும் உறுதியாகவில்லை என்றால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். இரண்டாம் சுற்றில் அதே துணுக்கு இன்னும் தெளிவாகத் திரும்ப வரக்கூடும்.

எந்தெந்த உயரத்தில் ஒலி இருக்கிறது என்று மென்பொருள் வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தை நம்பி எழுதுவோருக்கு ஒரு எச்சரிக்கை. எந்த நோட்டும் தன் மடங்குகளோடுதான் ஒலிக்கும்: இரண்டாம் மடங்கு ஒரு ஆக்டேவ் மேலே, மூன்றாம் மடங்கு அதற்கும் மேல் ஒரு ஐந்தாம் நோட். பி ஃப்ளாட் வாசித்தால் படத்தில் மேலே ஒரு எஃப் உயரமாகத் தெரியும். யாரும் அந்த எஃப்-ஐ வாசிக்கவில்லை. படம் உங்கள் சந்தேகத்தைத் தீர்க்கலாம், உங்களுக்குப் பதிலாகக் கேட்கக் கூடாது.

சாக்ஸபோனுக்கு மட்டும்

முதலில் காதில் விழும் உயரத்திலேயே, அதாவது பியானோவின் சுருதியில், எழுதி முடியுங்கள். வாசிப்பவருக்கான தாளுக்குக் கடைசியில் மாற்றலாம். டெனர் பி ஃப்ளாட் வாத்தியம்: ஒலிக்கும் நோட்டைவிட ஒரு ஆக்டேவும் ஒரு டோனும் மேலே எழுத வேண்டும். ஆல்ட்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம்: ஒரு மேஜர் சிக்ஸ்த் மேலே. நடு சி-க்குச் சற்றுக் கீழே உள்ள பி ஃப்ளாட் ஒலித்தால், டெனர் தாளில் அது மூன்றாம் இடைவெளி சி, ஆல்ட்டோ தாளில் இரண்டாம் கோட்டு ஜி. ஆகவே நம் பாட்டு கோல்ட்ரேனுக்கு சி ப்ளூஸ், ஆடர்லிக்கு ஜி ப்ளூஸ்.

மியூஸ்ஸ்கோரில் 'கான்சர்ட் பிட்ச்' பட்டனை அமுக்கினால் இந்த மாற்றத்தை அதுவே செய்யும். ஏற்கெனவே கையால் மாற்றியதை உள்ளிட்டுவிட்டு அந்தப் பட்டனையும் அமுக்கினால் இரண்டு தடவை மாறிவிடும். முழுச் சோலோவும் ஒரே அளவு தள்ளிக் கேட்டால் வேறெங்கும் தேடாமல் இதைப் பாருங்கள்.

ஆக்டேவ் தவறைப் பிடிக்க வாத்தியத்தின் எல்லையே போதும். எழுத்தில் எல்லா வழக்கமான சாக்ஸுக்கும் அடி நோட் நடு சி-க்குக் கீழுள்ள பி ஃப்ளாட் (பாரிட்டோனில் மட்டும் பெரும்பாலும் ஏ வரை போகும்). ஒலியில் டெனரின் அடி 104 ஹெர்ட்ஸ், ஆல்ட்டோவின் அடி 139 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தால் ஆக்டேவ் தவறு, அல்லது நீங்கள் கேட்டது பேஸ்.

மூச்சு வாங்கும் இடங்களைச் சிறு காற்புள்ளியாகக் குறியுங்கள். சொற்றொடரின் எல்லை அங்கேதான். ஒரே நோட் திரும்பத் திரும்ப வருகிறது, ஆனால் நிறம் மட்டும் மாறி மாறி 'வா-ஊ' என்று கேட்கிறது என்றால் அது வேறு நோட் அல்ல, ஒரே நோட்டுக்கு இரண்டு விரல் பிடி. டெனர் சாக்ஸ் வாசித்த லெஸ்டர் யங் இதில் பேர்போனவர். நோட் தலைக்கு மேல் கூட்டல் குறியும் வட்டமும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டலாம். சோலோவின் உச்சத்தில் நோட் உடைந்து கீச்சிட்டால் சுருதியைத் துல்லியமாகத் தேடி நேரத்தைக் கொட்ட வேண்டாம். பக்கத்து நோட்டை எழுதி 'க்ரௌல்' அல்லது 'கீச்சு' என்று எழுதிவிடுங்கள்.

பியானோவுக்கு மட்டும்

வலது கையின் ஒற்றை வரி மெட்டை மேலே சொன்னபடியே எழுதலாம். அதில் கூடுதலாக வருவது நசுக்கு நோட்டுகள்: கெல்லி போன்றவர்கள் டி ஃப்ளாட்டிலிருந்து டி-க்கு விரலை வழுக்கி இறக்குவார்கள். கறுப்புக் கட்டையிலிருந்து வெள்ளைக் கட்டைக்கு வழுக்குவது எளிது, மறுபடி ஏறுவது கடினம். ஆகவே வழுக்கல் கேட்டால் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு என்று முதலில் சந்தேகியுங்கள்.

கடினம் இடது கைதான். நாலு நோட் ஒன்றாக விழும், அதுவும் பேஸுக்கும் சிம்பலுக்கும் அடியில். இங்கே ஒரு வரிசை பலன் தரும்.

1. கார்ட் எந்தெந்த பீட்டில் விழுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். நோட் வேண்டாம்.
2. ஒவ்வொன்றிலும் மேல் நோட்டைப் பாடிப் பிடியுங்கள். அதுதான் முதலில் காதில் நிற்கும்.
3. கீழ் நோட். இங்கே கவனம்: நீங்கள் கேட்கும் பி ஃப்ளாட் பெரும்பாலும் பேஸ் வாசித்தது. பேஸ் இருக்கும் குழுவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து பியானோக்காரர்கள் மூல நோட்டை இடது கையில் விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது.
4. நடு நோட்டுகளைக் கார்டைப் பற்றிய அறிவால் நிரப்பி, வாசித்து ஒப்பிடுங்கள்.

நிரப்புவதற்கு வழக்கமான பிடிகளை, அதாவது கார்டின் நோட்டுகளைக் கையில் அடுக்கும் விதங்களை, தெரிந்து வைத்திருக்க வேண்டும். பி ஃப்ளாட் 7-க்குக் கீழிருந்து மேலாக டி, ஜி, ஏ ஃப்ளாட், சி. ஈ ஃப்ளாட் 7-க்கு டி ஃப்ளாட், எஃப், ஜி, சி. முதல் பிடியிலிருந்து இரண்டாவதற்கு மாறும்போது கை ஏறத்தாழ நகர்வதே இல்லை. சி அப்படியே நிற்கும், டி-யும் ஏ ஃப்ளாட்டும் ஒரு செமிடோன் இறங்கும், ஜி ஒரு டோன் இறங்கும். 4ஆம் பாரிலிருந்து 5ஆம் பாருக்கு மாறும் இடத்தைப் பத்துத் தடவை லூப் போட்டு அந்த டி-யிலிருந்து டி ஃப்ளாட் இறக்கத்தை மட்டும் தேடுங்கள். அது கேட்டுவிட்டால் மற்ற மூன்று நோட்டையும் அநேகமாகக் கேட்காமலே எழுதிவிடலாம்.

இந்தப் பிடிகள் எல்லா இடத்திலும் பொருந்தாது. அதே ஆல்பத்தின் 'ஸோ வாட்' பாட்டில் பில் எவன்ஸ் பதில் சொல்லும் அந்த இரண்டு கார்டும் வேறு அமைப்பு: ஈ, ஏ, டி, ஜி, பி, அடுத்து அதே வடிவம் ஒரு டோன் கீழே, டி, ஜி, சி, எஃப், ஏ. மூன்று ஃபோர்த், மேலே ஒரு மேஜர் தேர்ட். காது பழக, சோலோ எழுதும் முன் இந்த இரண்டை மட்டும் பிடித்துப் பாருங்கள். தெளிவாகவும் தனியாகவும் ஒலிப்பதால் பயிற்சிக்கு இதைவிடத் தோதான இடம் குறைவு.

ஒப்பிடும்போது உங்கள் கீபோர்டின் ஒலியைப் பதிவைவிடக் குறைவாக வையுங்கள். அதிகமாக வைத்தால் நீங்கள் வாசிப்பதே சரி என்று காது ஒப்புக்கொள்ளும். குறைவாக வைத்து வாசித்தால் தப்பான நோட் பதிவிலிருந்து துருத்திக்கொண்டு தெரியும். விட்டுப்போன நோட்டைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம். பிடி மெலிசாகக் கேட்கிறது என்ற உணர்வு மட்டும்தான் துப்பு.

கணினி எவ்வளவு உதவும்

ஒரு பதிவிலிருந்து வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் டிமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருள்கள் பேஸையும் ட்ரம்ஸையும் நன்றாகவே தனியாக எடுத்துத் தருகின்றன. வரைபடம் போட அதுவே பெரிய உதவி. ஆனால் டிமக்ஸின் வழக்கமான நாலு பிரிவில் குரல், பேஸ், ட்ரம்ஸ் போக மிச்சமெல்லாம் ஒரே குப்பியில் விழும். சாக்ஸும் பியானோவும் அதற்குள் சேர்ந்தேதான் இருக்கும். பழைய ஸ்டீரியோ பதிவுகளில் வாத்தியங்களை இடம் வலம் என்று தூரத் தூர வைத்திருப்பார்கள். அங்கே ஒரு பக்கத்தை மட்டும் கேட்பதே பல நேரம் மேலானது.

ஒலியை நேராக மிடியாக (நோட்டுகளைக் கணினி படிக்கும் வடிவம்) மாற்றித் தரும் நிரல்கள் கோஸ்ட் நோட்டைத் தவறவிடும், மடங்கு ஒலியை நோட் என்று எழுதும், ஸ்விங்கைச் சிக்ஸ்டீன்த்தும் முப்பத்திரண்டுமாக நறுக்கிக் கொட்டும். அதைத் திருத்துகிற நேரத்தில் நீங்களே எழுதிவிடலாம்.

முடித்த பிறகு சரிபார்ப்பது

ஒரு நாள் ஆறப்போடுங்கள். மறுநாள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், முழு வேகத்தில் கேளுங்கள். ஏதோ இடறுகிற இடங்களில் புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், பிறகு திரும்பி வாருங்கள். அடுத்து ஒவ்வொரு பாரிலும் நாலு பீட் நிரம்புகிறதா என்று கூட்டுங்கள். அதற்கடுத்து கார்டோடு ஒப்பிடுங்கள்: கார்டுக்கு அந்நியமான நோட் ஒன்று முதல் பீட்டில் நீண்டு நின்றால், மூன்றில் ஒன்று நடந்திருக்கும். நீங்கள் ஒரு செமிடோன் தவறியிருக்கலாம், பார் நகர்ந்திருக்கலாம், அல்லது அவர் வேண்டுமென்றே அப்படி வாசித்திருக்கலாம். மூன்றாவதை முதல் இரண்டையும் பார்த்த பிறகு மட்டும் நம்புங்கள். அச்சில் வந்த பிரதி கிடைத்தால் இந்தக் கட்டத்தில் ஒப்பிடலாம், அதற்கு முன் வேண்டாம். அச்சுப் பிரதியிலும் தவறுகள் இருக்கும். முரண்பட்ட இடத்தில் பதிவே தீர்ப்பு.

கெல்லியின் 12 பார் முடிந்ததும் சாக்ஸ் பக்கம் போக, சோனி ராலின்ஸ் 1956இல் பதிவு செய்த 'செயின்ட் தாமஸ்' நல்ல அடுத்த படி. 16 பார் சுற்று, சி ஸ்கேல், சோலோவின் தொடக்கத்தில் இரண்டு நோட்டுத் துணுக்கு ஒன்றையே தாளம் மாற்றி மாற்றி வாசிக்கிறார். நோட் தேடும் வேலை குறைவு, தாளம் எழுதும் வேலை அதிகம். அதன்பின் சார்லி பார்க்கரின் 'நௌ'ஸ் த டைம்': எஃப் ப்ளூஸ், ஆல்ட்டோ தாளில் டி. அங்கே வேகத்தை இரட்டிப்பாக்கி ஓடும் இடங்கள் வரும். அவற்றுக்கு மட்டும் வேகத்தை 60 சதவீதத்துக்கு இறக்கி, இரண்டு பீட் நீளத்துக்கு லூப் போடுங்கள்.